கனகாம்பரம், எட்டு மூஞ்சி

உன்னை எப்படிக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குவது என்று தெரியாமல் நேற்று முழுக்க வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கூப்பிட்ட பெயர் ஒன்று உண்டு. அதைத் திருப்பி உன்னிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. அதனால் விளிப்பு இல்லாமலே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்.

முந்தாநாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. டேப்பைக் கிழித்ததும் அந்த வாடை வந்து முகத்தில் அடித்தது. உப்பும் பாசியும் ஈரமும் கலந்த வாடை, உனக்குத் தெரியாததா? உள்ளே இரட்டைக் கவரில் கடல்தண்ணீர். தண்ணீருக்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கல்வில்லை. வில்லையின் மேல் இறுக மூடிக்கொண்ட எட்டு மொட்டுகள். கவரின் மேல் அச்சடித்த லேபிளில் 'மஹாப்ஸ் சன்ரைஸ்' என்று இருந்தது.

கூடவே ஒரு சீட்டு. "சார், போன மாத மழையில் உங்கள் தொட்டி போய்விட்டது என்று நம் பவளக் குழுவில் படித்தேன். இது உங்கள் வீட்டுப் பிள்ளை. கை மாறி கை மாறி என்னிடம் வந்தது. உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். மூலவர் உங்களிடம் இருப்பதுதான் அழகு." எழுதியவர் அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற ஓர் அம்மாள். நான் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

பவளம் வளர்ப்பவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். நன்றாக வளர்ந்த ஒன்றை ஒருவன் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டான். வெட்டி இன்னொருவனுக்குக் கொடுத்துவைப்பான். கரண்ட் போகும், மெஷின் நிற்கும், ஐந்து வருட உழைப்பு ஒரே நாளில் வெந்து கூழாகும். அன்றைக்குக் கொடுத்தவன் போய் நின்றால், வாங்கியவன் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுதாத சட்டம். அந்தச் சட்டப்படிதான் அந்த அம்மாள் அனுப்பியிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அது என் பிள்ளை இல்லை என்பதும் அதன் பெயர் அது இல்லை என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் நான். சீட்டை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால்கனியில் போய் நின்றேன். என் மனைவி என்ன விஷயம் என்று கேட்டதற்கு வெயில் என்றேன். தை மாதத்தில் என்ன வெயில்!

நீ முதன்முதலில் வந்தது நிஜ வெயிலில். சித்திரை. தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் நின்றுபோய், கம்பெனிக்காரன் அடுத்த வாரம்தான் வரமுடியும் என்று கையை விரித்துவிட்டான். கேளம்பாக்கத்து வெயிலில் அடுத்த வாரம் வரைக்கும் எது உயிரோடு இருக்கும்? பக்கத்து ஃப்ளாட்காரர் உன் நம்பரைக் கொடுத்தார். 'ஏசி கூடுவாஞ்சேரி' என்று பதிந்துகொண்டு கூப்பிட்டேன். பைக்கில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு வந்தாய். உனக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்துச் சொச்சம்.

"மீன் தொட்டிக்கு ஏசியா? குடுத்து வெச்ச மீனு சார்" என்றாய்.

ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாய். கிளம்பவில்லை. நான் பாறையின் மூலையில் ஒட்டியிருந்த பழுப்பு நிறத்து அசிங்கம் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிய பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்குப்பொடி நிறம். நல்லவற்றுக்கு இடம் வேண்டுமே என்று அதைக் கழித்துக்கட்டும் வேலையில் இருந்தேன்.

"இது இன்னா சார், பூவா புழுவா?"

இரண்டும் இல்லை, மிருகம் என்றேன். கல்லாக வளர்கிற பவளத்தை நாம் தொடக்கூடாது, சட்டப்படி குற்றம், இது கல் கட்டாத மென்மையான வகை, ஒவ்வொரு மொட்டுக்கும் நடுவில் ஒரு வாய், சுற்றிலும் விரல்கள், எல்லாம் அடியில் ஒரே தோலால் இணைந்திருக்கும் என்று வகுப்பு எடுத்தேன். அலுவலகத்தில் யாரும் கேட்காத வகுப்பு. நீ முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒவ்வொண்ணும் ஒரு மூஞ்சின்னு சொல்லு" என்றாய். அன்றிலிருந்து உன் கணக்கில் அது மூஞ்சிதான்.

"தூக்கிப் போடறதுக்கு எனக்குக் குடு சார். மூணு மூஞ்சி கீது, பாவம்."

டீ பார்சல் கவரில் போட்டு, இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன். நீ லிஃப்டில் இறங்கியதும் என் மனைவியிடம் "ரெண்டு நாள் தாங்காது" என்று சொல்லிச் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து அலுவலக வராந்தாவில் இருந்தபோது போன் வந்தது. "சார், பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஒண்ணு இருந்திச்சி. காப்பர் காயில தண்ணிக்குள்ள வுட்டு நானே சில்லர் பண்ணிட்டேன். மொதல்ல ரெண்டு நத்த வுட்டேன். ரெண்டும் செத்துப்போச்சி. பூவ இன்னும் வுடல, பக்கெட்டுல காத்து அடிச்சி வெச்சிக்கீறேன். இன்னா தப்பு?"

"காப்பர் வேணாம்! காப்பர் விஷம்!" என்று நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இருவது வருசமா காப்பர்தான் சார் எனக்கு சோறு போடுது. அது ஒருத்தனுக்கு வெசமா?" என்று கேட்டாய். ஏசி வேலை தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஸ்டீல் பைப்பை வளைத்துப் புதிதாகக் காயில் பண்ணினாய். மறுபடி விட்ட நத்தைகள் பிழைத்தன. மூன்று மூஞ்சியும் தொட்டிக்குள் போயின.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைக் கடல். எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் 'மஹாப்ஸ்' என்று சுருக்குகிற மகாபலிபுரத்தைத் தாண்டி அந்த மீனவக் குப்பம். கரைத் தண்ணீர் கலங்கல் என்பதால், படகில் போகிறவரிடம் காலி கேன்களைக் கொடுத்துவிடுவோம். அலை தாண்டி உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வருவார். முதல் தடவை நம்மை ஏற இறங்கப் பார்த்து அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஊர்ல குடிக்கற தண்ணிக்கி அட்சிக்கிறாங்க. நீங்க இன்னாடான்னா உப்புத் தண்ணிய வூட்டுக்கு எட்துகினு போறீங்க. வூட்டுல திட்ட மாட்டாங்க?"

"திட்டுவாங்க அண்ணாத்த. அதுக்குத்தான் காலைலயே வந்துடறோம்" என்றாய்.

இருபது லிட்டர் கேனை மணலில் தூக்கி வரும்போது என் கை வழுக்கியது. "புடி மச்சான், நழுவுது!" என்று கத்தினாய். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். நான் சிரித்தேன். அவ்வளவுதான், சார் போய் மச்சான் வந்துவிட்டான். வடகறியும் இட்லியும் சாப்பிடும்போது "நாஸ்தா எப்டி மச்சான்?" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இந்த ஊருக்கு வேலைக்கு வந்து பதினாறு வருடத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் நீ. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. ஏதோ ஒன்று தடுத்தது. அது என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது தெரியும். என் படிப்பும் ஃப்ளாட்டும்தான்.

ஆறேழு மாதத்தில் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து நம்பவில்லை. நடுவில் பளீரென்று ஆரஞ்சு. ஓரத்தில் இலைப் பச்சையில் மெல்லிய கரை. என் தொட்டியில் மூக்குப்பொடியாகக் கிடந்ததா இது?

"கனகாம்பரம் மச்சான்! எங்க சொந்த ஊரு படாளத்துல வூட்டாண்ட பூக்குமே, அப்டியே அந்தக் கலரு. பதினாலு மூஞ்சி!"

நான் விளக்கை மாற்றுவேன், மருந்து ஊற்றுவேன், பாறையை நகர்த்துவேன், எந்நேரமும் தொட்டிக்குள் ஒரு கை இருக்கும். நீ கூரையோரத்து மங்கல் வெளிச்சத்தில் ஒரு நீல பல்பைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். "கைய வெக்காத மச்சான். கம்ப்ரசரா இருந்தாலும் பூவா இருந்தாலும், ஓடிகினு இருக்கறத நோண்டக் கூடாது." இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், நான் எத்தனை தடவை நோண்டியிருப்பேன்.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். ஏசிக்கு சர்வீஸ் செய்த தேதியை எழுதி ஒட்டுகிற வெள்ளை ஸ்டிக்கர், மேலே உன் பெயரும் நம்பரும் அச்சடித்தது. உன் தொட்டி மேசையில் அதைத்தான் வரிசையாக ஒட்டியிருந்தாய். கனகாம்பரம், மூணு மூஞ்சி, தேதி. கனகாம்பரம், ஒம்போது மூஞ்சி, தேதி. தொழில்காரன் கையெழுத்து, எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

அதற்கு மறு வருடம் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். ஐந்து நாள். திரும்பி வந்து லிஃப்ட் கதவு திறந்ததுமே நாற்றம். சில்லரின் ஃபியூஸ் போயிருந்தது. என் தொட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. உன்னிடம் போனில் சொன்னபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தெளிந்ததும், பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தாய். பைக்கில் வந்தால் குலுங்குமாம். உடைந்த டைல்ஸ் துண்டில் பதினோரு மூஞ்சி.

"உன்னுதுதான் மச்சான், வூட்டுக்கு வந்துகீது. நானு சும்மா வளத்துகினு இருந்தேன்."

என் தொட்டி மேசையின் ஓரத்தில், உன் பெயர் போட்ட ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினாய். கனகாம்பரம், பதினோரு மூஞ்சி, தேதி. அன்றைக்கு நான் உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஒரு வருடத்தில் அது பாறை முழுக்கப் படர்ந்தது. உன் பேச்சைக் கேட்டுக் கையை வைக்காமல் இருந்ததால் படர்ந்தது. அந்தச் சமயத்தில்தான், சென்னையில் பவளம் வளர்க்கிறவர்களின் குழு இந்த முறை என் வீட்டில் கூடலாம் என்று முடிவானது. பத்துப் பன்னிரண்டு பேர். டாக்டர், ஆடிட்டர், சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவர். நான் அந்தக் குழுவில் நான்கு வருடமாகக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஆள். முதல்முறையாக என்னிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது.

உன்னை நான் கூப்பிடவில்லை. அதாவது, அதற்குக் கூப்பிடவில்லை. அன்று காலை சில்லர் முனகியதால் வேலைக்குக் கூப்பிட்டேன். நீ மதியத்துக்கு மேல்தான் வர முடிந்தது. நீ மேசையடியில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆடிட்டர் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து, "இந்த ஆரஞ்சு பிரமாதம் சார். யாரோட லைன்?" என்று கேட்டார். யார் வளர்த்தது, யாரிடமிருந்து வந்தது என்று அர்த்தம். பெயர் வைக்கிற உரிமை வளர்த்தவனுக்கு.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். முகமெல்லாம் சிரிப்பு. நான் சொல்லப் போவதைக் கேட்கத் தயாராக இருந்தாய்.

"நம்மளோடதுதான். நாலு வருஷமா நானே வளர்த்தது. மஹாப்ஸ் சன்ரைஸ்னு பேர் வெச்சிருக்கேன்" என்றேன்.

எப்படி இந்த நிறம் வந்தது என்று அவர் கேட்டார். நீதான் வாயைத் திறந்தாய். பாவம், நான் சொன்னது உனக்கு முழுசாகப் புரிந்திருக்காது, அல்லது புரிந்தும் பூவைப் பற்றிப் பேச்சு வந்ததும் தாங்கவில்லை. "அது இன்னான்னா சார், வெளிச்சம் கம்மியா வுட்டு, கைய வெக்காம..." என்று ஆரம்பித்தாய். அவர் திரும்பி, "இவர்?" என்றார்.

"நம்ம ஏசி மெக்கானிக்" என்றேன். உன் பக்கம் திரும்பி, "சில்லர் முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சிச்சி சார்."

மூன்று வருடம் கழித்து அந்த 'சார்' வந்தது. குரலில் கோபம்கூட இல்லை. கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தாய். அதற்குள் நான் முன்பே வெட்டி ஒட்டி வைத்திருந்த சின்னச் சின்னத் துண்டுகளைத் தட்டில் எடுத்து வந்து எட்டுப் பேருக்குக் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் அந்தப் புதுப்பெயர் லேபிள். நீ வாசலில் செருப்பு மாட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதுவரைக்கும் சொன்னதை, ஏதோ நாலு பெரிய மனிதர்கள் முன்னால் வாய் தவறிவிட்டது என்று நீ நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிவந்தேன். அது பொய். லேபிள் அடித்தது முதல் நாளே. உன் ஸ்டிக்கரையும் அன்று காலையில், உனக்குப் போன் செய்வதற்கு முன்னால், வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். உன் பெயரும் நம்பரும் அதில் இருந்ததே, யாராவது படித்துவிட்டால்? பசை மட்டும் முழுசாகப் போகவில்லை. நீ மேசையடியில் உட்கார்ந்தபோது உன் கட்டைவிரல் அந்தப் பிசுபிசுப்பான இடத்தை ஒருமுறை தடவியதை நான் பார்த்தேன். தடவிவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேலையைப் பார்த்தாய். அதற்குப் பிறகும் சிரித்தமுகமாக என்னை நிமிர்ந்து பார்த்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ஒரு நியாயம் வைத்திருப்பேன் என்று நம்பியிருக்கிறாய்.

அப்புறம் ஒன்றரை வருடம் சர்வீஸுக்கு நாள் தவறாமல் வந்தாய். வேலை சுத்தம். தண்ணீர் கொடுத்தால் குடிப்பாய். தொட்டிப் பக்கம் திரும்ப மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைக் கடலுக்குக் கூப்பிட்டால், "வேற வேல கீது சார்." ஒரு நாள் துணிந்து கேட்டேன், ஏன் இப்படி சார் சார் என்கிறாய் என்று.

"வேலைக்கி வந்த எடத்துல சார்தான சார்?" என்றாய்.

மன்னித்துவிடு என்று சொல்ல அதைவிட நல்ல வாசல் திறக்காது. நான் கேஸ் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தேன். நீ சொன்னாய். அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது.

போன ஆடியில் ஒரு மாலை, 'ஏசி கூடுவாஞ்சேரி' என்று போனில் வந்தது. நீயாகவே கூப்பிட்டுவிட்டாய் என்று நினைத்து எனக்குச் சந்தோஷம். எடுத்தால் பெண் குரல். உன் வீட்டம்மா. நெஞ்சு வலி என்று சொன்ன நீ ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை என்றும், இருபது நாளாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் பேசிக்கொண்டே போனார்.

"அவரு போன்ல 'கனகாம்பரம் மச்சான்'னு ஒரு நம்பரு கீது. யார்னு தெரியல. தொட்டில இருக்கற பூவுக்குத்தான் அவரு கனகாம்பரம்னுவாரு. அத்த பாத்துக்கத் தெரிஞ்ச ஆளா இருக்குமோன்னு பண்ணேன். நானும் அவரு செய்யறாப்ல கேன் தண்ணி ஊத்திகினுதான் கீறேன், எனக்கு ஒண்ணும் புரியல. அது நீங்கதானா?"

அத்தனை நாள் 'சார்' சொல்லியும் நீ அந்தப் பெயரை மாற்றவில்லை. என் போனில் நீ அன்றுவரை ஏசி கூடுவாஞ்சேரிதான்.

ஆமாம் என்று சொன்னால் உன் வீட்டுக்கு வர வேண்டும். அந்த ஸ்டிக்கர் வரிசையைப் பார்க்க வேண்டும். நீ அவரிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாயோ, அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும். வெட்கம் என்பது தப்புச் செய்த பிறகாவது மனிதனைத் திருத்தும் என்பார்கள். என் விஷயத்தில் அது இன்னொரு தப்பைச் செய்யவைத்தது.

"இல்லைங்க. நான்... அவர் ஏசி பார்க்கிற வீடு" என்றேன்.

"அப்டியா. சரி சார். இனிமே வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் என்னிடம் ஏமாந்ததுபோலக்கூடப் பேசவில்லை.

போன மாதம் மழையில் எங்கள் குடியிருப்பில் மூன்று நாள் கரண்ட் இல்லை. என் தொட்டி மறுபடி போனது. இந்த முறை பக்கெட்டோடு வர நீ இல்லை. மிச்சப் பாறைகளை வைத்து ஒரு சின்னத் தொட்டியை ஓடவிட்டு, குழுவில் புலம்பி எழுதினேன். அதைப் படித்துத்தான் கோயம்புத்தூர்ப் பெட்டி வந்தது. யோசித்துப் பார், நான் பொய்ப்பெயர் வைத்துத் தட்டில் எடுத்துக் கொடுத்த துண்டுகளில்தான் உன் கனகாம்பரம் உயிரோடு இருக்கிறது. இதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தோல் தடிக்கவில்லை என்பது மட்டும் நல்லது.

முதலில் கோயம்புத்தூர் அம்மாளுக்கு எழுதினேன். பெயர், யார் வளர்த்தது, நான் செய்தது எல்லாம். அவர், "லேபிளை மாற்றிவிட்டேன் சார்" என்று ஒற்றை வரியில் பதில் போட்டார். பிறகு குழுவில் எழுதினேன். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் இதயம் போட்டார். ஆடிட்டர், "பழைய பேர் எல்லாருக்கும் பழகிடுச்சே சார்" என்றார். யாராவது காறித் துப்பியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நேற்று மாலை உன் நம்பரைக் கூப்பிட்டேன். உன் வீட்டம்மாதான் எடுத்தார். யாரு என்றார்.

"கனகாம்பரம் மச்சான் பேசறேங்க."

பின்னால் ஸ்டேஷனில் ரயில் போகும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கி கேட்டேனே. நீங்க இல்லன்னீங்களே?"

"நான்தாங்க. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அந்தப் பூவில் ஒரு துண்டு திரும்பி வந்திருக்கிறது, எட்டு மூஞ்சி இருக்கிறது என்று சொன்னேன். தான் வந்து பார்க்கலாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வைப்பதற்கு முன்னால், யாரையும் குறை சொல்லாத குரலில், ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒன்று சொன்னார்.

"நீங்க இல்லன்னு சொல்லி போன வெச்ச பெறவும் ஒம்போது நாளு அது தொறந்துதான் சார் இருந்திச்சி. நான் தெனம் பாத்துகினு இருந்தேன். அதுக்கு அப்பறம்தான் மூடிக்கிச்சி, திரும்ப தொறக்கவே இல்ல."

பெட்டியில் வந்த எட்டும் இன்று காலை விரிந்துவிட்டன. ஆரஞ்சு, ஓரத்தில் பச்சை. நான் கையை வைக்கவில்லை. மேசையோரத்தில் பழைய பசை இன்னும் பிசுபிசுக்கிறது. அதன் மேலேயே ஒரு வெள்ளைத் தாளில் உன் பெயரையும் பூவின் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் கையெழுத்து மாதிரி வரவில்லை.

ஒன்பது நாள், மச்சான். வண்டலூர் ரோட்டில் போனால் உன் வீடு எனக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.